ஓட்டுக்கணக்கை மட்டும் பார்த்து ஊர் தேடாதீர்கள்

சாதி பார்க்காத ஊரில் குடியேற வேண்டுமா? தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20-ஐ எடுங்கள். வாக்குச்சாவடிவாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும்; ஊரும் காலனியும் ஒரே பக்கம் ஓட்டுப்போடுகின்றனவா என்று அதை வைத்து ஓரளவு கணிக்கலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். ஒரே கூட்டணிக்கு ஓட்டுப்போடும் ஊரிலும் சாதிக்கொன்றாக இரண்டு சுடுகாடு இருக்கலாம்.

அதனால் கிராம சபை நடக்கும் நாளில் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் அவர் நாற்காலியில் உட்காருகிறாரா, குடியரசு, சுதந்திர தினங்களில் அவரே கொடியேற்றுகிறாரா, காலனிக்காரர்கள் கேட்பது தீர்மானமாகப் பதிவாகிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்காரரின் முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க?" என்றால் அந்த வீடு வேண்டாம். குடிபோனதும் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.