மிஷனில் முதல் வாரம்: வராத ஆட்களை வைத்து ஒரு வாரத்தைத் திட்டமிடுவது எப்படி

மிஷன் என்றால், எங்கள் சபை அனுப்புகிற ஊருக்குப் போய் வீடு வீடாக விசுவாசத்தைச் சொல்லும் ஊழியம். அதற்கு அழைப்பு வந்துவிட்டது அண்ணா, என்ன வாங்கட்டும் என்று கேட்டு எனக்கு வருகிற செய்திகளில் முக்கால்வாசி சட்டை, ஷூ, சாப்பாடு பற்றித்தான். வாரத்தை எப்படி ஓட்டுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மேசாவுக்குப் போய் இறங்கிய முதல் வாரத்தில் ஒன்பது சந்திப்புகள் குறித்து வைத்திருந்தோம், நடந்தது இரண்டு. மீதி ஏழுக்கும் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே விஷயம்தான்: குறித்த ஆள் இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே வாரத்தைப் போடுவது.

வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு நாலு வரி. ஊரார் மார்மன்கள் என்று சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை. அந்தச் செல்லப்பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார், ஊர் வாயை மூட முடியுமா. பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். சம்பளம் கிடையாது, சொந்தச் சேமிப்பும் வீட்டார் உதவியும்தான். அந்தக் காலம் முழுக்க உங்கள் பெயர் எல்டர் இன்னார் அல்லது சிஸ்டர் இன்னார், முதல் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

படி 1: திங்கட்கிழமையை விடுமுறை என்று நினைக்காதீர்கள்

திங்கட்கிழமைக்கு பி-டே என்று பெயர், தயாராகிற நாள். துணி துவைப்பது, மளிகை, முடிவெட்டு, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்றைக்கு மாலை ஆறு மணிக்குள். ஆறு மணிக்கு மேல் சட்டையில் பெயர்ப்பலகையைக் குத்திக்கொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு, காலையில் தூங்கி, மதியம் கூடைப்பந்து ஆடி, ஐந்தரைக்கு ஈரத்துணியோடு நிற்பது (நானும் நின்றிருக்கிறேன்). துணியை மெஷினில் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வீட்டுக்குப் பேசுவதை முதலிலேயே முடியுங்கள். 2019 பிப்ரவரிக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் போன், மற்றபடி மின்னஞ்சல். இப்போது வாரா வாரம் வீடியோவிலேயே பேசலாம். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் வருடம் முழுக்கச் சென்னைக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்: அங்கே காலை ஒன்பது, இங்கே அம்மாவுக்கு இரவு ஒன்பதரை. மதியம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டீர்களானால் அம்மா நள்ளிரவு வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதைவிடப் பாவம் வேறில்லை.

படி 2: காலை நேரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்

ஆறரைக்கு எழுவது, அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, தனியாக ஒரு மணி நேரம் வேதமும், சபையின் இன்னொரு வேதநூலான மார்மன் புஸ்தகமும், அப்புறம் கம்பானியனோடு சேர்ந்து படிப்பு, அன்றைய திட்டம். இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017இல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஊருக்கு ஏற்ப முன்னே பின்னே மாற்றலாம். ஆனால் புதியவர் மாற்ற வேண்டாம் என்பேன். பகலில் எதுவும் உங்கள் கையில் இருக்காது, காலை மட்டும்தான் இருக்கும்.

கம்பானியன் என்றால், அந்த வட்டாரத்து ஊழியர்களுக்குத் தலைவரான மிஷன் பிரசிடெண்ட் உங்களோடு சேர்த்துவிட்ட ஆள். ஒரே அறை, தனித்தனிக் கட்டில், ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இன்னொருவர் எப்போதும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும், அப்போது மாறலாம், மாறாமலும் இருக்கலாம். முதல் 12 வாரம் உங்களோடு இருப்பவர் பயிற்சி கொடுப்பவர். அவருக்கும் வயது இருபதுதான் இருக்கும், எல்லாம் தெரிந்தவர் என்று நம்பிவிட வேண்டாம்.

படி 3: ஒவ்வொரு சந்திப்புக்கும் கீழே இன்னும் இரண்டு பெயர்

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

போனில் முன்பு ஏரியா புக் என்று பெயரிருந்த செயலி இருக்கும், இப்போது அதன் பெயர் ப்ரீச் மை காஸ்பல். யார் யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், யார் வராதே என்றார் எல்லாம் அதில்தான். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு ஒருவரைப் பார்ப்பதாக இருந்தால் அவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ முன்பு ஒருமுறை பேசிய இன்னொருவர் பெயரைக் கீழே எழுதுங்கள். அதற்கும் கீழே, அந்தப் பக்கத்தில் இருக்கும் சபைக் குடும்பம் ஒன்று. முதல் ஆள் கதவைத் திறக்கவில்லையா, நடந்தே இரண்டாவதுக்குப் போகிறீர்கள். அதுவும் இல்லையா, மூன்றாவது. மூன்றும் இல்லையென்றால் அந்தத் தெருவின் மற்ற கதவுகள்.

தூரம்தான் கணக்கு. பெயர் மூன்று இருந்து, மூன்றும் ஊரின் மூன்று மூலையில் இருந்தால் பிரயோஜனமில்லை. நாங்கள் முதல் வாரத்தில் அதைத்தான் செய்தோம்: வடக்கே ஒருவர் வரவில்லை என்று தெற்கே ஓடினோம், தெற்கிலும் ஆள் இல்லை. ஜூலை மாதம் அங்கே 40 டிகிரிக்கு மேல் போவதெல்லாம் சாதாரணம், சென்னை வெயில் மாதிரி வேர்த்துக் கொட்டாது, உள்ளுக்குள்ளேயே வறுத்துவிடும். பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

உபரியாக ஒன்று: காலையில் "இன்றைக்கு வரலாமா?" என்று செய்தி அனுப்பாதீர்கள். கேள்வியாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்வது எளிது. "ஏழு மணிக்குப் பார்க்கிறோம், அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் கொண்டுவருகிறோம்" என்று அனுப்புங்கள்.

அப்புறம் பஞ்சர். பாதையோரத்தில் ஒரு முள் கிடக்கும், அங்கே கோட்ஹெட் என்பார்கள், டயரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதல் தடவை பிடுங்கிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது: நம்ம ஊர் நெருஞ்சி, பாட்டி கல்லடைப்புக்குக் கஷாயம் போடுவாளே, அதேதான். மாற்று ட்யூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

படி 4: கதவு

மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். உள்ளே போகுமுன் வெளிக் கேட்டை ஒரு ஆட்டு ஆட்டுங்கள், நாய் இருந்தால் தெரிந்துவிடும். விற்பனையாளர் வரக்கூடாது என்று பலகை இருந்தால் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன். நாங்கள் எதையும் விற்கவில்லையே என்று வாதாடுகிற எல்டர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது.

மேசா, 1878இல் நம்ம சபையின் குடியேறிகள் வந்து கட்டிய ஊர், ஆலயம் 1927இல் பிரதிஷ்டையானது. அதனால் தட்டுகிற கதவைத் திறப்பவரே சபைக்காரராக இருப்பது அடிக்கடி நடக்கும். ஏமாந்து திரும்பாமல், தண்ணீர் கேளுங்கள், "இந்தத் தெருவில் யாருக்காவது ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல அறிமுகங்களில் பாதி இந்தக் கேள்வியில் வந்தவைதான், கட்டில் தூக்கப் போய், களை பிடுங்கப் போய்.

யாராவது வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 5: உட்கார்ந்து பேசுவது, சாப்பிடுவது

பாடம் நடத்துகிறோம் என்று ஒன்றரை மணி நேரம் உட்காராதீர்கள். அரை மணி போதும்: ஒரு சிறு ஜெபம், ஒரே ஒரு விஷயம், அவர்களைப் பேசவிடுவது, படிக்க ஒரு பகுதி, அடுத்த தேதி. எதிர்ப்பாலினத்தவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது, வாசலிலேயே பேசுங்கள் அல்லது சபையிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வார்டு குடும்பங்கள், அதாவது அந்தப் பகுதிச் சபைக் குடும்பங்கள், முறை வைத்துக் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். காபி, டீ கிடையாது, அது சபையின் சட்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் வெயிலில் வந்தவர்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஐஸ் டீயை நீட்டும்போது எப்படி மறுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முகம் சுளிக்காமல், "தண்ணீர் கிடைத்தால் உயிர் வந்துவிடும்" என்று கேளுங்கள், சந்தோஷமாகக் கொண்டுவருவார். ஃபில்டர் காபி வீட்டில் வளர்ந்துவிட்டு சபையில் சேர்ந்தவன் சொல்கிறேன், அந்த வாசனை மட்டும் எத்தனை வருடமானாலும் விடாது.

படி 6: வெள்ளிக்கிழமைக் கணக்கு

வாரத்தில் ஒருநாள் அக்கம்பக்கத்து எல்டர்கள், சிஸ்டர்கள் எல்லாரும் கூடுகிற டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் இருக்கும், அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, போய் உட்காருங்கள், புரியும். வாரத் திட்டம் போடுகிற நாள்தான் பெரிது, எங்களுக்கு அது வெள்ளி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பெயராக எடுத்து, இவருக்கு இப்போது என்ன தேவை என்று பேசி, படி 3இல் சொன்னபடி மூன்று பெயர் அடுக்கைப் போடுங்கள்.

கடைசியில் கம்பானியனோடு மனம்விட்டுப் பேசுகிற பகுதி வரும். வாரம் முழுக்க எரிச்சலாக இருந்ததை அன்றைக்குச் சொல்லலாம். என் கம்பானியன் சொன்னது, நான் சாப்பிட்ட தட்டை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன் என்று. நான் சொன்னது, அவன் சைக்கிளில் பின்னால் திரும்பியே பார்ப்பதில்லை என்று. இரண்டும் உண்மை. இதைச் செவ்வாயன்று நடு ரோட்டில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

படி 7: சனி, ஞாயிறு

சனிக்கிழமை ஞானஸ்நானம் இருந்தால் தொட்டி நிரம்ப மணிக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே போய்த் திறந்துவிடுங்கள், சூடுதண்ணீர்க் குழாயையும் சேர்த்து. அதை நான் ஒருமுறை மறந்தேன், ஒரு பெரியவர் பல் கிடுகிடுக்க மூழ்கினார், மூழ்கியவரின் கால் கட்டைவிரல் வெளியே தெரிந்துவிட்டது என்று சாட்சிகள் சொல்ல, மறுபடியும் மூழ்க வேண்டியதாயிற்று. முழு உடம்பும் தண்ணீருக்குள் போனால்தான் கணக்கு.

ஞாயிறு ஆராதனை 2019 முதல் இரண்டு மணி நேரம், முன்பு மூன்று. வருகிறேன் என்ற புதியவர்களுக்காக வாசலில் நில்லுங்கள், முதல் பாட்டு தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், அன்றைக்கு வெயிலில் அதிகம் அலையாதபடி முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக் கூடாது என்பதை மறந்துவிட வேண்டாம். துணி துவைக்கிற மெஷின் 25 சென்ட் நாணயம் மட்டும்தான் வாங்கும், திங்கள் காலையில் சில்லறைக்கு அலைந்தீர்களானால் ஒன்பது மணிக்கு அம்மாவிடம் பேச முடியாது. சனிக்கிழமையே ஒரு பொட்டலம் மாற்றி, அழுக்குக் கூடைக்குள் போட்டு வையுங்கள்.