சீட்டுக்குப் பின்னால் டேங்க்: பழைய சி10 பிக்கப்பில் பெட்ரோல் வாடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் வந்த செவ்ரோலே சி10 பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 1973 மாடலில்தான் அதை வெளியே கொண்டுபோனார்கள். "பழைய வண்டி, வாடை இருக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லோரும் அந்த ஆவியைத்தான் சுவாசிக்கிறார்கள்.

முதலில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படிந்து நகரும். எட்டத்தில் இருக்கும் நெருப்பும் ஆபத்துதான்.

படி 1: எப்போது வாடை வருகிறது என்று குறித்து வையுங்கள். டேங்கை நிரப்பிய பிறகோ வளைவில் திரும்பும்போதோ வந்தால், கோளாறு பெரும்பாலும் டேங்கின் மேல்பக்கத்தில். எஞ்சினை நிறுத்திய பிறகு முன்பக்கம் வாடை அடித்தால் கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்பையும் பாருங்கள்.

படி 2: சீட்டின் முதுகை முன்னால் சாய்த்துவிட்டு, டேங்கையும் பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் இணைக்கும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் லேசாக மடக்கினால் வெடிப்பு வாய் திறக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை விரைவில் கெடுத்துவிடும். புதிதாக வாங்கும்போது பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் உதவாது. கிளாம்புகளையும் மாற்றிவிடுங்கள்.

படி 3: கேஜ் செண்டரின் (டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் பாகம்) கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையம். சுற்றிலும் ஈரமோ கறையோ இருந்தால் மாற்றுங்கள்.

படி 4: டேங்கின் மூச்சு. பம்ப் பெட்ரோலை இழுக்கும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வெயிலில் பெருகும் ஆவி வெளியே போக வேண்டும். வாடையை நிறுத்த இந்த வழியை அடைத்துவிடாதீர்கள்! அடைத்தால் ஓட்டத்தில் எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் திணறும்; வெயிலில் நிற்கும்போதோ உள்ளே அழுத்தம் ஏறி பெட்ரோல் கார்புரேட்டர் பக்கம் தள்ளப்படும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூச்சு அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெண்ட் குழாய் (டேங்கின் மூச்சுக்கான குழாய்) இல்லாத டேங்குக்குக் காற்றுத் துளையுள்ள மூடி வேண்டும். வெண்ட் குழாயும் கரி கேனிஸ்டரும் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) உள்ள வண்டிக்கு அதற்கென்று வந்த மூடியைப் போடுங்கள். குழாய் இருந்தால், டேங்கிலிருந்து கழற்றிக் கைப்பம்பால் காற்றடித்துப் பாருங்கள். டேங்குக்குள் கம்பிரசர் காற்றை ஒருபோதும் விடாதீர்கள். குழாயின் மறுமுனை கேபினுக்கு வெளியே முடிகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

படி 5: கழுத்து கேபினின் தகட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது சுருங்கியிருந்தால், வெளியே சிந்தும் பெட்ரோலின் வாடை உள்ளே வரும். இதை மாற்ற அதிக நேரம் ஆகாது.

எல்லாம் பூட்டியதும் டேங்கை நிரப்பி, சில வளைவுகள் ஓட்டி, கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் 1 மணி நேரம் நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் வாடை அடித்தால் மறுபடி படி 2-இலிருந்து தொடங்குங்கள்.