குற்றாலத்துக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து குற்றாலம் போவதென்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பள்ளி விடுமுறையைத்தான். அப்படிப் பார்த்து ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோ போகிறவர்கள், கோடைமழை கைகொடுத்தாலன்றி, முதன்மை அருவியான பேரருவியில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் சாரலாக விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தையே அங்குள்ளவர்கள் சீசன் என்கிறார்கள். அந்த மாதங்களிலும் மலையில் சில நாள் மழை இல்லையென்றால் அருவி மெலிந்துவிடும்; மிஞ்சிப் பெய்தால் குளிக்கத் தடை வந்துவிடும்.

சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் கூட்டத்துக்கு இரண்டு மூன்று டிக்கெட்டுகள் போட வேண்டும். தண்ணீர் நிலவரமோ முந்தைய நாள் இரவுதான் தெரியும். ஆகவே, அருவி அடைபட்டிருந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசி முடிக்காமல் கிளம்புவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். ஒரு ஜூலையில் பதினாறு பேராகப் போய் இறங்கியபோது எல்லா அருவிகளிலும் தடை. வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஒருவர் பாபநாசம் என்றார், இன்னொருவர் எல்லை தாண்டிப் பாலருவி என்றார், ஓட்டுநர் கேரள பெர்மிட் எடுக்கவில்லை என்றார். பேசி முடிப்பதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் உச்சிக்கால நடை சாத்தியிருந்தார்கள். அதையும் தென்காசி காசி விசுவநாதர் கோயிலையும் மாற்றுத்திட்டமாகக் காலையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் பாதி நாள் வீணாகியிருக்காது.

தடை போட்டிருக்கும்போது, "இங்கே வெயில்தானே அடிக்கிறது, ஐந்து நிமிடம் விடுங்கள்" என்று காவலரிடம் வாதாடுகிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பேரருவியில் மேலிருந்து வரும் நீர் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து பொங்கி வழிந்த பிறகே நம் தலையில் இறங்குகிறது. உச்சியில் ஒரு மணி நேரம் அடைமழை பெய்தால் அந்தத் தணிப்பு போதாது. நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும், கல்லும் கட்டையும் கூடவே வரும். கீழே நிற்பவருக்கு மேலே பெய்வது தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயது மாணவனை இழுத்துச் சென்று உயிரைப் பறித்தது. நீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதியில் குளிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதற்கேற்பத் திட்டமிடுகிறவர்கள் குறைவு. கூட்டம் இரண்டாகப் பிரிந்ததும் செல்போன்கள் எல்லாம் ஒரே பையில், பை ஒருவரின் மடியில், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பாவுடன் போன பையன் குளித்துமுடித்து, நனைந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைத் தேடிப் பெண்கள் பகுதிக் கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்பதை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். ஒரு கடையின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அங்கேதான் கூடுவது என்று சிறுவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். பை காக்கும் வேலையைப் பாட்டியின் தலையில் கட்டாமல் முறை வைத்துக்கொள்வதே நியாயம். ஊர் திரும்பும்வரை குளிக்காமலே இருந்துவிட்ட பாட்டிகள் பலர். அவர் பையை இறுக்கிப் பிடித்திருப்பது திருடருக்காக மட்டுமல்ல, குரங்குக்காகவும்தான்.

சோப்பு, ஷாம்பு வேண்டாம். அருவிகளில் அவற்றைப் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை அனுமதியின்றி ஏறும் யோசனையை இளவட்டங்கள் கிளப்பினால், வண்டியிலேயே தடுத்துவிடுவது நல்லது.

சாப்பாட்டைக் கடைசி நேரத்துக்கு விடுவதும் கூட்டமாகப் போகிறவர்களின் வழக்கமான பிழை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் மதியம் இரண்டு மணிக்குச் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் பதினாறு பேருக்குச் சேர்ந்தாற்போல இடம் கிடைக்காது. நான்கு நான்கு பேராக உட்காரத் தயாராக இருந்தால் அரை மணியில் எழுந்துவிடலாம். ஈரத்துணிக்கென்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை எடுத்து வராவிட்டால், அந்த அரை மணிக்குள் வேன் இருக்கைகள் ஊறி, ஓட்டுநரின் முகம் மாறியிருக்கும்.