குறைமாதக் குழந்தையைக் கொஞ்சும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்குபேட்டரில் இருந்து வீட்டுக்கு வந்த குழந்தையிடம் அம்மா ஆசையாகப் பேசுகிறார். அது ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்று அவருக்கு மனசு வலிக்கிறது. சிலர் இன்னும் கிட்டே போய், கிலுகிலுப்பையை ஆட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிலர் மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை மற்ற தவறுகள் பலவும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முகத்தைத் திருப்புவது வெறுப்பு இல்லை. தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் குழந்தைக்குத் தெரிந்த மிகச் சில வழிகளில் அது ஒன்று. கையை வாய்க்குக் கொண்டுபோவது இன்னொன்று. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையும் இதைச் செய்யும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை என்பதால் சீக்கிரமே களைத்துவிடும். கொட்டாவி, விக்கல், தும்மல், விரல்களை விறைப்பாக விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது எல்லாமே 'போதும்' என்று சொல்லும் அடையாளங்களாக இருக்கலாம். பாஸ்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைடலிஸ் ஆல்ஸ் 1980களில் இருந்தே இதை வலியுறுத்தினார்: குறைமாதக் குழந்தையின் உடல் அசைவைப் படித்து, அதற்கேற்பப் பராமரிக்க வேண்டும். (உதடு நீலமானாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

குழந்தை 'போதும்' என்று காட்டும்போது என்ன செய்வது? சும்மா இருங்கள். குழந்தையை விட்டுப் போகாமல், கையை அதன் மேல் அசைக்காமல் வைத்துக் காத்திருங்கள். அது திரும்பிப் பார்க்கும்போது மெதுவான குரல் மட்டும் போதும். பாட்டு, ஆட்டல், தட்டல், பொம்மை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். பார்க்க வரும் உறவினர்களிடமும் இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்தது, 'தூக்கித் தூக்கி வெச்சா கை பழகிடும்' என்ற பேச்சு. பாட்டிகள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அழுகை வலுத்துவிட்டால் பச்சிளம் குழந்தையால் அதைத் தனியாக அடக்கிக்கொள்வது கடினம். பெரியவரின் உடல் சூடும் மூச்சும் அதை அடக்க உதவும். இங்குபேட்டர்கள் போதாமல் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை, குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைப்பதுதான். குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தரலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. அப்பாவின் நெஞ்சும் இதற்கு ஆகும்.

உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மா, திடீரெனச் சில நிமிடம் முகத்தில் அசைவே இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்து, குரல் கொடுத்து அம்மாவை இழுக்கப் பார்த்தது. பலிக்காதபோது பார்வையை விலக்கிச் சோர்ந்தது. பால் கொடுக்கும்போதெல்லாம் போனிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். அதற்காக ஒரு நொடிகூடத் தவறக் கூடாது என்று பயப்படுவதும் தவறுதான். தாயும் சேயும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, அடிக்கடி பிசகும் என்பதையும் ட்ரானிக்தான் காட்டினார். பிசகியதும் மறுபடி சேர்ந்துகொள்கிறார்களா என்பதே முக்கியம்.

வயதுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று நான்கு மாதம் என்றால், திருத்திய வயது (40 வாரம் நிறைந்து பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது) ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேல்தான். முகம் பார்த்துச் சிரிப்பது அப்போதுதான் தொடங்கும். பக்கத்து வீட்டு நான்கு மாதக் குழந்தையோடு ஒப்பிட்டு, சிரிக்க வைக்கப் பாடுபட வேண்டாம்.

கடைசியாக, அம்மா தன் மனநிலையைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது. என்.ஐ.சி.யூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் வாரக்கணக்கில் காத்திருந்த பயம் டிஸ்சார்ஜ் அன்றே போய்விடாது. அழுகையைத் தாங்க முடியாத நேரம் வந்தால் குழந்தையை ஒருபோதும் உலுக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் சில நிமிடம் தள்ளி நின்று மூச்சு விடுங்கள். சோகமோ பதற்றமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையைக் காட்டப் போகும் அதே மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.