கைப் பைலா, மெஷின் பைலா? மை ஊற்றிப் பார்த்துவிடலாம்

பல்லின் வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயான வேர்க்கால்வாயை எந்தப் பைல், அதாவது உள்ளே சுரண்டும் ஊசி போன்ற அரம், நன்றாகச் சுத்தம் செய்யும்? திருகோணமலையில் என்னிடம் பழக வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். பிடுங்கிய பல்லில் நீங்களே செய்து பாருங்கள் என்பேன்.

ஒற்றை வேருள்ள கீழ் முன்கடைவாய்ப் பற்கள் இருபது எடுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி, கிருமி நீக்கியவையாக இருக்க வேண்டும். பல்லை ஈரத்திலேயே வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேசையில் விட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் காய்ந்து வெடித்துவிடும்.

மேலே துளையிட்டு, ஊதா நிற 10ஆம் இலக்கப் பைலை இறக்குங்கள். நுனி வேரடியில் எட்டிப் பார்க்கும் நீளத்தில் 1 மி.மீ. கழித்தால், அதுதான் வேலை நீளம். வேர் நுனியை மெழுகால் அடைத்து, அழுக்குக்குப் பதிலாக இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை நிரப்பி இரண்டு நாள் விடுங்கள்.

அப்புறம் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கையால் சுழற்றும் ஸ்டீல் கே-பைல், மறுபக்கம் நிக்கல் டைட்டேனியம் மெஷின் பைல். இரண்டும் நீல நிற 30இல், அதாவது 0.30 மி.மீ. நுனியில் முடியட்டும்.

பலரும் சறுக்குவது, கால்வாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவும் இடத்தில்தான். ‘பைல் மாற்றும்போதெல்லாம் 2 மி.லி.’ என்று வைத்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் கைப் பைல் ஆறு மாற்றினால் 12 மி.லி., மெஷின் பைல் மூன்று மாற்றினால் 6 மி.லி.தான். அப்போது நீங்கள் ஒப்பிடுவது பைலை அல்ல, கழுவும் திரவத்தை. ஆகவே பல்லுக்கு மொத்தம் 12 மி.லி. என்று முதலே முடிவு செய்யுங்கள். ஊசி இறங்கும் ஆழமும் ஒன்றாக இருக்கட்டும். சோடியம் ஹைப்போகுளோரைட் மையை வெளுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது கரி மை, வெளுக்காது.

இனிப் பல்லைக் கண்ணாடியாக்க வேண்டும். 5% நைட்ரிக் அமிலத்தில் மூன்று நாள் வையுங்கள். தினமும் அமிலத்தை மாற்றுங்கள். கையுறை, காற்றோட்டம் கட்டாயம். பிறகு நன்றாகக் கழுவி, 70, 90, 100% அல்கஹோலில் வரிசையாக ஊறவிட்டு, மெத்தில் சாலிசிலேட்டில் போடுங்கள். கால் நோவுக்குப் பூசும் தைல வாசம் அறையெல்லாம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் வேர் தெளிந்து, உள்ளே மிஞ்சிய மை கறுப்பு நூலாகத் தெரியும்.

மேல், நடு, நுனி என மூன்று பகுதிக்கும் புள்ளி போடுங்கள். மை இல்லாவிட்டால் 0, பாதிக்குக் குறைவென்றால் 1, அதற்கு மேல் 2, முழுதும் இருந்தால் 3. எந்தப் பல்லுக்கு எந்தப் பைல் என்று தெரியாத ஒருவரே புள்ளி போட வேண்டும்.

பல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இந்தப் பற்களின் கால்வாய் பெரும்பாலும் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையே நீண்டு தட்டையாக இருக்கும். உருண்டையான பைல் நடுவில் சுழலும். இரண்டு ஓரத்திலும் மை அப்படியே ஒட்டியிருக்கும், எந்தப் பைல் போட்டாலும்.