பழைய டைவ் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

ஸ்கூபா கற்றுக்கொண்ட புதிதில் பலர் கைக்கு வந்து சேர்வது வேறு யாரோ பயன்படுத்திய டைவ் கம்ப்யூட்டர்தான். ஆழத்தையும், இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதையும் காட்டும், கையில் கட்டும் கருவி அது. சீனியர் ஒருவர் புதுசு வாங்கியதும் பழையதைத் தள்ளிவிடுவார். இல்லாவிட்டால் ஆன்லைனில் சூன்டோ கம்பெனியின் வைப்பர் மாடலோ ஸூப் மாடலோ சல்லிசான விலைக்குக் கண்ணில் படும். பத்துப் பதினைந்து வருஷம் ஆன பொருளை நம்பித் தண்ணீருக்குள் இறங்கலாமா என்ற சந்தேகம் உடனே வரும். வரவும் வேண்டும்.

ஆனால் வயதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். டைவின்போது உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்கிறது என்று உள்ளே ஓடும் கணக்கு பழசாகிவிட்டதே என்று சிலர் பயப்படுவார்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ப்யூல்மான் 1980-களில் உருவாக்கிய நைட்ரஜன் கணக்குமுறைதான், மேலே சில திருத்தங்களோடு, இன்று கடையில் விற்கும் ஷியர்வாட்டர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. காலம் போகப்போக உண்மையில் கெடுவது பேட்டரி அறை, அதற்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், அழுத்தத்தை அளக்கும் சென்சார். அதனால் சோதனையையும் அங்கேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: மாடல் பெயரை வைத்துத் தேடுங்கள்

காசு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பின்பக்கத்தில் இருக்கும் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த மாடலைக் கம்பெனி எப்போதாவது திரும்பப் பெற்றதா என்று பாருங்கள். ஊவாடெக் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கம்ப்யூட்டரை 2003-ல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். இரண்டு டைவுக்கு நடுவே நீங்கள் கரையில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதும், நைட்ராக்ஸையே (ஆக்சிஜன் கூடுதலாகவும் நைட்ரஜன் குறைவாகவும் உள்ள கலவை) சுவாசிப்பதாக அதன் மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதனால் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் குறைத்துக் கணக்குப் போட்டது. திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கணக்கு மட்டும் தப்பு. இப்படிப்பட்டதை எந்தச் சோதனையிலும் நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது.

படி 2: பேட்டரியை யார் மாற்றுவது?

பழைய கம்ப்யூட்டரின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. வைப்பர், ஸூப், மேரஸ் பக் போன்றவற்றில் CR2450 பட்டன் பேட்டரி. நாமே மாற்றலாம். பழைய ஊவாடெக் அலாடின் புரோவில் எண்ணெய் நிரப்பிய கூட்டுக்குள் பேட்டரியை வைத்து மூடியிருப்பார்கள்; நாம் மாற்றும்படி அதைச் செய்யவே இல்லை. கூட்டை அறுத்து மாற்றிய சூரர்கள் உண்டு. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பேட்டரி தீர்ந்துபோன அலாடின் புரோ இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

நாமே மாற்றக்கூடிய மாடல் என்றால்:

முதலில் பேட்டரி கிட் வாங்குங்கள். வெறும் பேட்டரியோடு நிற்காமல், அந்த மாடலுக்கே உரிய ஓ-ரிங்கும் அதில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். மூடியைச் சுற்றி ஈரம் இருக்கும்போது திறந்தால் அது உள்ளே இறங்கிவிடும்.

மூடியைக் கழற்றியதும் பேட்டரியை எடுக்க அவசரப்படாதீர்கள். ஓ-ரிங் உட்கார்ந்திருந்த பள்ளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உலோகத் தகட்டில் பச்சைக் களிம்பு இருந்தால் கசிவு உள்ளேயே போய்விட்டது. களிம்பு லேசாக இருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்துக் காயவைக்கலாம். தகடே அரித்துப்போயிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

பழைய ஓ-ரிங்கை விரலால் வளைத்துப் பாருங்கள். சப்பையாகி, வட்டம் போய்ப் பட்டையாக இருக்கும். அதைத் திரும்பப் போடக் கூடாது. புதியதில் சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பிவிட்டால் தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். வாசலின் வேண்டவே வேண்டாம், சில வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். மூடியை நேராக வைத்து, சமமாக அழுத்தி மூடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். பேட்டரியைக் கழற்றினால் பல மாடல்களில் உடம்பிலுள்ள நைட்ரஜன் பற்றிய கணக்கு மொத்தமாக அழிந்துவிடும். அதனால் பேட்டரி மாற்றிய பிறகு 48 மணி நேரம், முடிந்தால் 100 மணி நேரம் வரை டைவ் போகாமல் இருக்கச் சொல்கிறது வைப்பரின் கையேடு. முந்தைய டைவின் 'விமானத்தில் பறக்காதே' எச்சரிக்கையில் மிச்ச நேரம் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. எப்படியோ, பயணத்தின் நடுவில் பேட்டரி மாற்றும் வேலை வேண்டாம்.

படி 3: ஆழம் சரியாகக் காட்டுகிறதா?

இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். கம்ப்யூட்டருக்கு ஆழம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். சுமார் 10 மீட்டருக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) என்ற கணக்கில் அழுத்தத்தை ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. சென்சார் குறைவாகக் காட்டினால் நைட்ரஜனும் குறைவாகவே கணக்காகும், இன்னும் நேரம் இருக்கிறது என்று உங்களைக் கீழேயே வைத்திருக்கும். கூடுதலாகக் காட்டும் கம்ப்யூட்டர் எரிச்சல். குறைவாகக் காட்டுவது ஆபத்து.

மேஜையில் இருக்கும்போதே ஆழம் என்று பூஜ்யம் தவிர ஏதாவது எண் காட்டினால் அது தேறவில்லை, சோதனை அதோடு முடிந்தது. இல்லையென்றால், சென்சாருக்கு மேலே இருக்கும் சின்ன ஓட்டைகளில் உப்பு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊசியால் குத்தவோ ஏர் கன்னால் ஊதவோ கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

பிறகு பயிற்சியாளரோடு போகும் ஒரு சாதாரண டைவில், நம்பகமான இன்னொரு கம்ப்யூட்டரையும் அதே கையில் கட்டிக்கொள்ளுங்கள். டைவுக்கு அந்த இன்னொன்றைத்தான் நம்ப வேண்டும். பழையது வெறும் பயணி. 5, 10, 18 மீட்டரில் இரண்டையும் ஒப்பிட்டுச் சிலேட்டில் எழுதுங்கள். 18 மீட்டரில் அரை மீட்டர் வித்தியாசம் வந்து, ஆழம் குறையக் குறைய அதுவும் அதே விகிதத்தில் குறைந்தால் பதற வேண்டாம். ஒன்று கடல்நீருக்கும் மற்றொன்று நல்ல தண்ணீருக்கும் கணக்குப் போட்டிருக்கும். இரண்டின் அடர்த்திக்கும் 3 சதவீதம் அளவுக்கு வித்தியாசம். ஆனால் எண் திடீரென்று தாவினாலோ, ஒரே இடத்தில் நிற்கும்போது மாறிக்கொண்டே இருந்தாலோ சென்சார் போய்விட்டது. பழைய மாடலுக்குச் சென்சார் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் கட்டுபடியாகாது.

படி 4: உங்கள் டைவுக்கு இது போதுமா?

நைட்ராக்ஸ் வசதி இல்லாமல் காற்றுக்கு மட்டுமான மாடல் என்றால், 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று அது எச்சரிக்காது. காற்று டைவ் மட்டும்தான் என்றால் பரவாயில்லை. எச்சரிக்கை ஒலி கேட்கிறதா, வெயிலில் எண்கள் தெரிகிறதா, பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பட்டை சுலபம், எலாஸ்டிக் கயிறு போட்டுக்கூடச் சமாளிக்கலாம்.

கூடவரும் ஜோடியின் புதிய கம்ப்யூட்டர் இன்னும் 12 நிமிடம் இருக்கிறது என்று சொல்லும்போது உங்களுடையது 7 என்று காட்டலாம். பழைய சூன்டோக்கள், அதுவும் அன்றைய இரண்டாவது டைவில், கொஞ்சம் கறார்தான். குறைந்த எண்ணைப் பின்பற்றுங்கள்.

படி 5: செலவு செய்யலாமா?

பேட்டரி கிட், பட்டை, கண்ணாடிக் கீறல் இவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். சர்வீஸ் சென்டரில் அழுத்தத் தொட்டியில் வைத்துச் சோதிக்கச் சொல்வதும் நல்ல செலவு. மொத்தச் செலவு புதிய அடிப்படை மாடலின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். எல்லாச் சோதனையிலும் தேறியதைக்கூட முதல் சில டைவுகளுக்கு இரண்டாவது கம்ப்யூட்டராகத்தான் கட்டுவேன்.

தேறாததைத் தூக்கிப்போடுவதற்கு முன், பேட்டரியில் உயிர் இருந்தால், உள்ளே இருக்கும் டைவ் பதிவுகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் ஏராளமான பழைய மாடல்களோடும் பேசும். அந்த மாடலுக்கான கேபிள் வேண்டும். கேபிள் பழைய சீரியல் வகையாக இருந்தால் யுஎஸ்பி மாற்றி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.