வேத வாசிப்புக்கு ஒரு புத்தக அலமாரி

வேதாகம விளக்கவுரை வரிசையை ஒரே மூச்சில் மொத்தமாக வாங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். கனமான ஆறு தொகுதிகள். ஆதியாகமத்தில் சில அதிகாரங்களோடு வாசிப்பு நின்றது. மற்ற ஐந்தும் பல வருடங்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. எனக்குள் அப்போது கேள்வியே இல்லை. கேள்வி இல்லாதவருக்கு விளக்கவுரை எதைச் சொல்லும்?

என் நூலகம் உண்மையில் தொடங்கியது ‘கிருபை’ என்ற ஒரே சொல்லில்தான். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று வருகிறது. எபேசியர் 2:8-லும் “கிருபையினாலே” இரட்சிக்கப்பட்டீர்கள் என்று பவுல் எழுதுகிறார். இரண்டும் ஒன்றுதானா? 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் திறந்தேன். சங்கீதத்தில் ‘பேரன்பு’, எபேசியரில் ‘அருள்’ என்று இருந்தது. அன்றிரவு வெகுநேரம் அந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது இரண்டாவது வேதாகமம். நீங்கள் மனப்பாடம் செய்து வளர்ந்த மொழிபெயர்ப்பு ஒன்று, அதிலிருந்து நன்றாக வேறுபடும் மொழிபெயர்ப்பு ஒன்று. இரண்டும் பிரியும் இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது.

அடுத்து ஒத்தவாக்கிய அகராதி. ஒரு சொல் வரும் வசனங்களை அது வரிசையாகக் காட்டும். சொல்லின் மூலத்தைத் தேட, 1890-ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதி இன்றும் உதவுகிறது. அதில் ஒவ்வொரு எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. சங்கீதத்தின் கிருபை ‘ஹெசெத்’, எபிரெய எண் 2617. எபேசியரின் கிருபை ‘காரிஸ்’, கிரேக்க எண் 5485. ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை ஒட்டிய நூல் என்பதால் கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை: எண்ணுக்கு எதிரே கொடுத்துள்ள எல்லா அர்த்தங்களையும் ஒரே வசனத்தில் திணிக்கக் கூடாது. எந்த அர்த்தம் பொருந்தும் என்பதை வசனத்தின் முன்பின் வரிகள்தான் சொல்லும். அப்புறம் ஊர்கள், பண்டிகைகள், அளவுகளுக்காக ஒரு வேதாகம அகராதியும் வரைபடமும் போதும்.

இப்போது விளக்கவுரைக்கு வருவோம். அடுத்த சில மாதங்கள் எந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறீர்களோ, அதற்கு மட்டும் வாங்குங்கள். பிலிப்பியர் என்றால் நான்கே அதிகாரம். முதலில் அதைப் பத்து முறை வாசித்து, விளங்காத இடங்களை எழுதிவிட்டு, அதன் பிறகு விளக்கவுரையைத் திறங்கள். முடிந்தால் வேறு வேறு சபைப் பின்னணியிலிருந்து இரண்டு பேருடையது இருக்கட்டும். பழையவை பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். முழு வேதாகமத்துக்குமான பழைய விளக்கவுரை ஒன்று மத்தேயு ஹென்றி என்ற ஆங்கிலப் போதகரின் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் 1714-ல் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். அதற்குப் பின்வரும் நிருபங்களின் பகுதியை மற்ற போதகர்கள் நிறைவு செய்தார்கள்.

ஜெபத்தோடு வாசிக்கும் நூல்களை நான் தனித் தட்டில், உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படிப்பு நூல்களோடு கலந்தால் அவற்றிலும் கோடு போட்டுத் தகவல் தேடத் தொடங்கிவிடுவேன். அங்கே ஒரு பாட்டுப் புத்தகமும், பழங்காலத் திருச்சபை ஆயர் அகஸ்டினின் ‘அறிக்கைகள்’ நூலும் கட்டாயம் உண்டு. முழு நூலும் கடவுளை நோக்கிப் பேசுவது என்பதால் வாசிக்கும்போதே ஜெபமாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது ஒரு தடித்த நோட்டு. வேதாகமப் புத்தகங்களின் வரிசையில் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு, எந்த நூலில் எந்த வசனத்துக்கு வெளிச்சம் கிடைத்தாலும் வசனம், நூல், பக்க எண் என்று ஒரே வரியில் குறித்துவிடுவேன். ரோமர் 8-க்கு மட்டும் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. கடைசிப் பக்கங்களில் இரவல் கணக்கு: யாருக்கு, எந்தப் புத்தகம், எந்தத் தேதி. திரும்பி வந்ததும் அடித்துவிடுவேன். இப்போது அதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.